பெர்ல் நிரலுக்கு எந்தெந்த மாட்யூல்கள் வேண்டும்? இயந்திரம் சொல்லும் பதிலும் அதன் எல்லையும்

இணையத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து வந்து சேமிக்கும் சிறிய பெர்ல் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பகுதியில் எல்டபிள்யூபி::யூசர்ஏஜென்ட் என்ற மாட்யூலை, அதாவது வேறொருவர் எழுதிவைத்த ஆயத்த நிரல்பகுதியை, வரவழைக்கும் ‘யூஸ்’ வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எழுதியவரின் கணினியில் அது ஆண்டுக்கணக்கில் தடங்கலின்றி ஓடியது. புதிய சர்வருக்கு மாற்றி, அந்த ஒரு மாட்யூலையும் முறையாக நிறுவிய பின் ஓட்டினால், எச்டிடிபிஎஸ் நெறிமுறைக்கு ஆதரவில்லை என்றும், எல்டபிள்யூபி::புரோட்டோகால்::எச்டிடிபிஎஸ் நிறுவப்படவில்லை என்றும் பிழைச்செய்தி வருகிறது. நிரலின் எந்த வரியிலும் அந்தப் பெயர் கிடையாது. இணைய முகவரியின் தொடக்கத்தில் உள்ள நெறிமுறைப் பெயரை எடுத்து, அதை ‘எல்டபிள்யூபி::புரோட்டோகால்::’ என்பதோடு ஒட்டி, அப்படிக் கிடைக்கும் பெயரில் உள்ள மாட்யூலை ஓடும் நேரத்தில் ஏற்றிக்கொள்வது அந்த நூலகத்தின் வழக்கம். 2011 வரை எச்டிடிபிஎஸ் பகுதி மூல நூலகத்துடனேயே சேர்ந்து வந்ததால் யாரும் அதைத் தனியே எண்ணிப் பார்க்கவில்லை. அது தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்ட பிறகுதான், ஒரு முகவரிச் சரத்துக்குள்ளும் ஒரு சார்பு மாட்யூல் (நிரல் ஓடுவதற்கு வேண்டிய பிற மாட்யூல்) ஒளிந்திருக்க முடியும் என்பது பலருக்கும் உறைத்தது.

நிரலைக் கொடுத்தால் அதற்கு வேண்டிய மாட்யூல்களின் பட்டியலைத் தானாகத் தரும் கருவி பெர்லில் ஒன்றல்ல, பத்துக்கும் மேல் உண்டு. ஒரே நிரலுக்கு அவை வெவ்வேறு பட்டியல்களைத் தருவதைக் கண்டு, எது சரி என்று புதியவர்கள் குழம்புவதும் வழக்கம்தான். அவற்றுள் ஒன்று சரி, மற்றவை தவறு என்பதல்ல விஷயம். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு கேள்விக்காக எழுதப்பட்டது. எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கவே முடியாது என்பதும் கேள்விக்குக் கேள்வி மாறுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கருவிகளின் விசித்திரமான நடத்தைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் விளங்கிவிடும்.

முதலில் மொழியின் ஏற்பாடு. பெர்லில் ‘யூஸ்’ என்பது தனித்த செயல் அன்று. ஒரு ‘பிகின்’ கட்டத்துக்குள் ‘ரிக்வையர்’ செய்து, அந்த மாட்யூலின் ‘இம்போர்ட்’ செயற்கூற்றை அழைப்பதற்கான சுருக்கம் அது. ‘பிகின்’ கட்டம், நிரல் முழுவதும் கம்பைல் ஆவதற்கு முன்பே, அந்த வரி படிக்கப்பட்ட கணத்திலேயே ஓடிவிடும். ‘ரிக்வையர்’ தன்னளவில் ஓடும் நேரத்துக்கு உரியது. அதற்குக் கிடைத்த பெயரில் உள்ள இரட்டைப் புள்ளிகளைச் சாய்கோடாக மாற்றி, இறுதியில் ‘.பிஎம்’ சேர்த்து, ‘@இன்க்’ என்ற வரிசையில் உள்ள அடைவுகளில் ஒவ்வொன்றாகத் தேடுகிறது; கிடைத்ததும் ஏற்றி, ‘%இன்க்’ என்ற அட்டவணையில் கோப்பின் பெயரையும் அது கிடைத்த இடத்தையும் குறித்துவைக்கிறது. அடுத்த முறை யாராவது அதே மாட்யூலைக் கேட்டால் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடும். ‘நோ’ என்று தொடங்கும் வரியும் மாட்யூலை ஏற்றவே செய்யும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது முடக்குவதற்கான சொல்லாகத் தோன்றினாலும், முடக்குவதற்கும் முதலில் அந்த மாட்யூல் வந்தாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டிலிருந்தே கண்டறிதலுக்கான மூன்று வழிகளும் பிறக்கின்றன. நிரலின் உரையைப் படித்து ‘யூஸ்’, ‘ரிக்வையர்’ வரிகளைப் பொறுக்கி எடுக்கலாம். நிரலைக் கம்பைல் மட்டும் செய்துவிட்டு ‘%இன்க்’ அட்டவணையைப் பார்க்கலாம். நிரலை உண்மையாகவே ஓடவிட்டு, முடிவில் அதே அட்டவணையைப் பார்க்கலாம். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இம்மூன்றிலும் வெவ்வேறு ஓட்டைகள் உள்ளன.

உரையைப் படிப்பதில் உள்ள ஓட்டைதான் கோட்பாட்டளவில் மிகச் சுவையானது. பெர்லின் இலக்கணம் நிலையானது அன்று. முன்னால் அறிவிக்கப்பட்ட செயற்கூறுகளைப் பொறுத்துப் பின்னால் வரும் வரிகளின் பொருளே மாறும். பெர்ல் வட்டாரத்தில் பழகிப்போன ஓர் எடுத்துக்காட்டைச் சற்று மாற்றி இங்கே தருகிறேன்:

மதிப்பு / 25 ; # / ; ரிக்வையர் கணக்கு::வட்டி ;

‘மதிப்பு’ என்பது உள்ளீடு எதையும் ஏற்காத செயற்கூறாக முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால், முதல் சாய்கோடு வகுத்தல் குறி. 25-க்குப் பின் வரும் அரைப்புள்ளியோடு கூற்று முடிகிறது. # குறிக்குப் பிறகு உள்ளவை வெறும் குறிப்புரை. ‘மதிப்பு’ உள்ளீடு ஏற்கும் செயற்கூறாக இருந்தாலோ, முதல் சாய்கோடு ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனின் (உரையில் தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் குறியீட்டின்) தொடக்கமாகி, இரண்டாம் சாய்கோட்டில் அது முடிந்து, அடுத்து வரும் ‘ரிக்வையர்’ உயிருள்ள கட்டளையாகிவிடும். ஆக, கணக்கு::வட்டி என்ற மாட்யூல் தேவையா இல்லையா என்பதை இந்த வரி மட்டும் சொல்லாது. ‘மதிப்பு’ எங்கே, எப்படி அறிவிக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். அந்த அறிவிப்போ ஒரு ‘பிகின்’ கட்டத்துக்குள், எந்தக் கணக்கீட்டின் முடிவையும் பொறுத்து நிகழலாம். ஜெஃப்ரி கெக்லர் 2008-இல் இதையே முறையான நிறுவலாக எழுதினார். எல்லா பெர்ல் நிரல்களையும் ஓட்டாமலேயே சரியாகப் பகுத்துவிடும் கருவி ஒன்று இருக்குமானால், அதைக் கொண்டு எந்த நிரல் முடியும், எது முடியாது என்று கண்டறியும் டூரிங்கின் பழைய சிக்கலையும் தீர்த்துவிடலாம். அது இயலாது என்பது முன்பே நிறுவப்பட்டது. எனவே அத்தகைய கருவியும் இயலாது.

ஆனால் அன்றாடத்தில் யாரும் இப்படி எழுதுவதில்லை என்பதும் உண்மை. ஆடம் கென்னடி உருவாக்கிய பிபிஐ என்ற நூலகம் இந்த உண்மையின் மீதுதான் நிற்கிறது. பெர்ல் கோப்பை ஓட வேண்டிய நிரலாகப் பார்க்காமல், சொற்களும் குறிகளும் கொண்ட ஓர் ஆவணமாகப் பார்த்து, இயன்றவரை சரியாகக் கூறுபோட்டு மரமாக அடுக்கித் தருவதோடு அது நின்றுவிடுகிறது. ஆவண விளக்கப் பகுதி எது, மேற்கோளுக்குள் உள்ள உரை எது, பல வரிகளுக்கு நீளும் சரம் எது என்று பிரித்தறியும் அளவில் அது வரிக்கு வரி ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டுத் தேடுவதை விடப் பன்மடங்கு நம்பகமானது. விலையாக வேகத்தைக் கொடுக்க வேண்டும்.

பகுத்தல் முழுக்கச் சரியாக அமைந்தாலும் தீராத சிக்கல் வேறொன்று உண்டு. மாட்யூலின் பெயர் நிரலில் எழுதப்பட்டே இருக்காது. முகவரியிலிருந்து பெயரைக் கட்டும் எல்டபிள்யூபியைப் போலவே, டேட்டாபேஸ் இணைப்புக்கான டிபிஐ மாட்யூல், இணைப்புச் சரத்தில் ‘டிபிஐ:பிஜி:’ என்று இருந்தால் டிபிடி::பிஜி என்ற டிரைவரை ஏற்றும். அந்தச் சரம் பெரும்பாலும் நிரலில் கூட இல்லாமல் அமைப்புக் கோப்பு ஒன்றில் கிடக்கும். கேட்டலிஸ்ட் வலைச் சட்டகத்தில் ‘யூஸ் கேட்டலிஸ்ட்’ என்ற வரியின் பின்னே வரும் சிறு பெயர்களுக்கு முன்னால் ‘கேட்டலிஸ்ட்::பிளகின்::’ என்று தானாகச் சேர்ந்துகொள்ளும். மூஸ் பொருள்நோக்கு நூலகத்தில் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’, ‘வித்’ என்ற சொற்களே மாட்யூலை ஏற்றும் கட்டளைகள். மாட்யூல்::பிளகபிள் என்பதோ இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட பெயர்வெளியின் கீழ் கணினியில் எவையெல்லாம் நிறுவப்பட்டிருக்கின்றனவோ அவற்றைத் தேடித் திரட்டிக்கொள்ளும். அங்கே ‘எது தேவை’ என்ற கேள்வியே பொருளற்றதாகி, ‘எது இருக்கிறது’ என்பதாகச் சுருங்கிவிடுகிறது.

மொழியே மௌனமாக ஏற்றிக்கொள்ளும் மாட்யூல்களும் உண்டு. ஒரு கோப்பைத் திறக்கும்போது ‘:என்கோடிங்’ என்ற அடுக்கைக் குறிப்பிட்டால் பெர்ல்ஐஓ::என்கோடிங்கும் அதன் பின்னால் என்கோட் மாட்யூலும் வரும். ‘%!’ என்ற மாறியைத் தொட்டால் எர்னோ வரும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பெயரிட்டுப் பிடித்த பகுதிகளை ‘%+’ வழியே எடுத்தால் டை::ஹேஷ்::நேம்ட்கேப்சர் வரும். தமிழ் உரையைக் கையாள்பவர்கள் சந்திக்கும் நிகழ்வு ஒன்றும் இந்த வகையில் அடங்கும். தமிழ் எழுத்துகளை மட்டும் பொறுக்குவதற்காக ரெகுலர் எக்ஸ்பிரஷனில் யூனிகோடின் ‘தமிழ்’ என்ற எழுத்துமுறைப் பண்பைக் கேட்டால், பழைய பெர்ல் பதிப்புகள் யூடிஎஃப்8_ஹெவி என்ற கோப்பையும் யூனிகோர் அடைவில் உள்ள அட்டவணைகளையும் அந்தக் கணத்தில் தேடிப் போகும். நிரலைத் தனிக் கோப்பாகக் கட்டி வேறு கணினிக்குக் கொண்டுபோகிறவர், அந்த அட்டவணைகளைச் சேர்க்கத் தவறியிருந்தால், ஆங்கில உரைக்கு ஒழுங்காக ஓடும் நிரல் தமிழ் உரை வந்ததும் நின்றுவிடும். ‘யூஸ்’ வரிகளை எத்தனை முறை எண்ணினாலும் இது பிடிபடாது.

இப்போது கருவிகளுக்கு வருவோம். 2002-இல் ஆட்ரி டாங் எழுதிய மாட்யூல்::ஸ்கேன்டெப்ஸ் இவற்றுள் புகழ்பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்துத் தைவானின் முதல் டிஜிட்டல் துறை அமைச்சரானவர் இவரேதான். பெர்ல் நிரலையும் அதற்கு வேண்டிய அனைத்தையும் ஒரே இயங்குகோப்பாகக் கட்டித் தரும் ‘பிபி’ கட்டளைக்குத் துணையாகப் பிறந்தது ஸ்கேன்டெப்ஸ். அந்தப் பிறப்பு அதன் குணத்தைத் தீர்மானித்தது. கட்டப்பட்ட கோப்பு பெர்லே இல்லாத கணினிக்குப் போகும். அங்கே ஒரு மாட்யூல் குறைந்தால் மீட்க வழியில்லை. தேவையற்ற இருபது மாட்யூல்கள் கூடுதலாகச் சேர்ந்தால் கோப்பு சற்றுப் பெருக்கும், அவ்வளவுதான். எனவே ஸ்கேன்டெப்ஸ் அள்ளிப் போடும் இயல்பினது. ஒவ்வொரு கோப்பையும் வரி வரியாக ரெகுலர் எக்ஸ்பிரஷன்களால் துழாவி, கிடைத்த மாட்யூல்களையும் அதேபோல் துழாவி, இறுதிக் கண்ணி வரை போகிறது. அதற்கும் மேலாக, உரையில் தெரியாத சார்புகளுக்கென்று மனிதர்கள் கையால் எழுதிச் சேர்த்த அட்டவணை ஒன்று அதன் வயிற்றில் இருக்கிறது: டிபிஐ கண்ணில் பட்டால் நிறுவப்பட்டுள்ள டிரைவர்களை எல்லாம் சேர், எல்டபிள்யூபி::யூசர்ஏஜென்ட் பட்டால் அதன் புரோட்டோகால் அடைவில் உள்ளவற்றை எல்லாம் சேர். தானியங்கிக் கண்டறிதல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவ்வாறு யாரோ ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டு எழுதிவைத்த அனுபவம்தான். அந்த அட்டவணையும் கட்டுபவரின் கணினியில் உள்ளதை மட்டுமே அள்ள முடியும் என்பதால், எச்டிடிபிஎஸ் மாட்யூல் அங்கே நிறுவப்படாதிருந்தால், கட்டிய கோப்பிலும் அது இராது.

ஆர்பிஎம் தொகுப்பு முறையைப் பயன்படுத்தும் ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் தொகுப்பைக் கட்டும்போது ஓடும் பெர்ல்.ரெக் என்ற சிறு நிரல் இதற்கு நேர் எதிர். அதுவும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு வரிகளைத் துழாவுவதுதான். ஆனால் அது கண்டெடுக்கும் ஒவ்வொரு பெயரும் தொகுப்பின் கட்டாயத் தேவையாகப் பதிவாகும். இல்லாத ஒரு பெயர் தவறிப் பட்டியலில் ஏறிவிட்டால், அந்தத் தொகுப்பை உலகில் யாராலும் நிறுவ முடியாமல் போகும். எனவே, உள்தள்ளி எழுதப்பட்ட ‘ரிக்வையர்’ வரிகளை அது வேண்டுமென்றே கண்டுகொள்வதில்லை. அத்தகையவை பெரும்பாலும் ‘இஃப்’ கட்டத்துக்குள் மாற்று ஏற்பாடாகவோ அரிதாகப் பயன்படும் வசதியாகவோ இருக்கும் என்று அதன் குறிப்புரையே சொல்கிறது. மாட்யூல் பெயராகக் கிடைத்தது காற்புள்ளியில் முடிந்தால், அது விளக்க உரையின் நடுவிலிருந்து தவறிப் பிடிபட்டது என்று தள்ளிவிடும் விதியும் உண்டு. ‘யூஸ்’ என்பது ஆங்கிலத்தில் அன்றாடச் சொல் ஆயிற்றே; பல வரிகளுக்கு நீளும் உதவிச் செய்தி ஒன்றில் ஒரு வரி அந்தச் சொல்லில் தொடங்கினால் போதும், அடுத்த சொல் மாட்யூல் பெயராகிவிடும். இடது ஓரத்தில் ஒட்டியிருக்கிறதா, உள்தள்ளியிருக்கிறதா என்பதைக் கொண்டு நிரலின் பொருளை ஊகிப்பது கோட்பாட்டுக்கு ஒவ்வாத தந்திரம்தான். எனினும் பெர்ல் எழுதுவோரின் பழக்கத்தை அறிந்தவர் செய்த தந்திரம் என்பதால் அது வியக்கத்தக்க அளவு பலிக்கிறது. தவறும் இடங்களில் விலக்க வேண்டிய பெயர்களைத் தொகுப்பாளர் கையால் குறித்துவிடலாம்.

மூன்றாவது கேள்வி, மாட்யூலை எழுதி, பெர்ல் மாட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சிபேனில் வெளியிடுபவருடையது. அவருக்கு இறுதிக் கண்ணி வரையிலான பட்டியல் வேண்டாம். தம் நிரல் நேரடியாகத் தொடும் மாட்யூல்கள் எவை, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்பது மட்டும் போதும். அந்த மாட்யூல்களின் தேவைகளை அவற்றின் ஆசிரியர்கள் அறிவித்திருப்பார்கள். பிபிஐ மீது எழுப்பப்பட்ட பெர்ல்::பிரீரெக்ஸ்கேனர் இவருக்கானது. ‘பேஸ்’, ‘பேரண்ட்’, மூஸின் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ ஆகியவற்றைப் புரிந்துகொண்டு, ‘யூஸ்’ வரியில் மாட்யூல் பெயரை அடுத்து எழுதிய பதிப்பு எண்ணையும் எடுத்துக்கொண்டு பட்டியல் தரும். டிஸ்ட்::ஜில்லா என்ற வெளியீட்டுக் கருவியின் ஆட்டோபிரீரெக்ஸ் இதைத்தான் பயன்படுத்துகிறது. இங்கே கண்டறியவே முடியாதது பதிப்பு எண். ஆசிரியர் ‘யூஸ்’ வரியில் எழுதாவிட்டால், தம் கணினியில் இருக்கும் பதிப்புதான் தேவையா, பத்து ஆண்டு பழையதும் போதுமா என்பதை உரை சொல்லாது.

நிபந்தனைக்கு உட்பட்ட சார்புகள்தான் இந்த ஆசிரியரை அதிகம் தொல்லைப்படுத்துபவை. ஜேசான்::எக்ஸ்எஸ் கிடைத்தால் வேகமாக ஓடு, கிடைக்காவிட்டால் பெர்லுடனேயே வரும் ஜேசான்::பிபியைக் கொண்டு சமாளி என்று, பிழை நேர்ந்தாலும் நிரலை நிறுத்தாத ‘ஈவால்’ கட்டத்துக்குள் எழுதுவது நெடுநாள் வழக்கம். அது தேவையா? ஆம் என்றால், சி கம்பைலர் இல்லாத கணினியில் நிறுவல் வீணாக முறியும். இல்லை என்றால், வேகம் வேண்டுபவருக்கு அது கிடைக்காது. சிபேனின் மெட்டா கோப்பு வரையறையில் ‘தேவை’, ‘பரிந்துரை’, ‘யோசனை’ என்று மூன்று நிலைகள் இருப்பதும், அவை நிரலை ஓட்ட, சோதிக்க, கட்ட, மேம்படுத்த என்று கட்டம் பிரித்து எழுதப்படுவதும் இதற்காகத்தான். ‘ஈவால்’ கட்டத்துக்குள் கண்டதைத் தனியே பிரித்துக் காட்டுமாறு கருவிக்குச் சொல்லலாம். அதைப் பரிந்துரையாக வைப்பதா, தேவையாக உயர்த்துவதா என்பது ஆசிரியரின் தீர்ப்பு.

பெர்லுடனேயே வரும் மாட்யூல்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா என்ற சிறு சச்சரவும் இருக்கிறது. எந்த மாட்யூல் எந்தப் பெர்ல் பதிப்பில் சேர்ந்தது, எதில் விலகியது என்பதை மாட்யூல்::கோர்லிஸ்ட் வழியே அறியலாம் என்பதால், உடன்வருபவற்றைக் கருவிகள் வடிகட்டித் தர முடியும். வடிகட்டாமல் விடுவதே நல்லது என்பேன். ஒரு காலத்தில் பெர்ல் என்றாலே நினைவுக்கு வந்த சிஜிஐ மாட்யூல், 2015-இல் வெளியான 5.22 பதிப்பில் பெர்லிலிருந்து நீக்கப்பட்டது. அது என்றும் இருக்கும் என்று நம்பி எழுதாமல் விட்டவர்களின் நிரல்கள் அன்று முறிந்தன. ஃபெடோரா போன்ற வெளியீடுகளோ உடன்வரும் மாட்யூல்களையும் தனித்தனித் தொகுப்புகளாகப் பிரித்தே வைத்திருக்கின்றன.

உரையைப் படிப்பதை விட்டு நிரலை ஓட்டிப் பார்ப்பவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. டெவெல்::டிரேஸ்யூஸ் என்ற கருவியோடு நிரலை ஓட்டினால், எந்த மாட்யூலை எந்தக் கோப்பின் எந்த வரி ஏற்றியது என்று கிளை பிரித்த மரமாகக் காட்டும். பெயர் சரத்தில் கட்டப்பட்டதா, அமைப்புக் கோப்பிலிருந்து வந்ததா என்ற கவலையே இல்லை, வந்தது வந்ததுதான். ஆனால் ஓடாத கிளையில் உள்ளது வராது. பிழை நேர்ந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும் பகுதி ஒன்று நிரலில் இருந்து, சோதனை ஓட்டத்தில் பிழை நேரவில்லை என்றால், மின்னஞ்சல் மாட்யூல் பட்டியலில் இராது. இந்த முறையின் நம்பகம், சோதனைகள் நிரலின் எத்தனை பகுதியைத் தொடுகின்றன என்பதைத் தாண்டாது. மேலும் ‘%இன்க்’ அட்டவணை நேரடியாகக் கேட்டதையும், கேட்டது தனக்காகக் கேட்டதையும் ஒன்றாகக் கலந்து வைத்திருப்பதால், அதை அப்படியே தேவைப் பட்டியலாக எழுதுவது கூடாது.

இடைவழியாக, நிரலைக் கம்பைல் செய்து நிறுத்திக்கொள்ளும் கருவிகள் உள்ளன. ஏஎல்டி லினக்ஸ் வெளியீட்டினர் எழுதிய பி::பெர்ல்ரெக், கம்பைல் முடிந்ததும் பெர்ல் தன்னுள் கட்டிவைக்கும் செயல்மரத்தில் நடந்து ‘ரிக்வையர்’ செயல்களைப் பொறுக்குகிறது. பகுத்தலைப் பெர்லே செய்துவிடுவதால் சாய்கோட்டுக் குழப்பம் அங்கே எழாது. பல கோப்புகளை ஒரே நிரலாகச் சேர்த்துத் தரும் ஆப்::ஃபேட்பேக்கரும் கம்பைல் நேரத்தில் ஏறியவற்றைத்தான் தடம் பிடிக்கிறது. ஓடும் நேரத்தில் மட்டும் ஏறுபவற்றை நாமே பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாட்யூல்களை நிறுவ இன்று பலரும் பயன்படுத்தும் சிபேன்எம் இத்தகைய கட்டில்தான் ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கிறது.

நடைமுறையில் நம்பத்தக்க வரிசை இது: உரையைப் படிக்கும் கருவியின் பட்டியலைத் தொடக்கமாகக் கொண்டு, ஓட்டிப் பார்த்த பட்டியலோடு ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கண்டு, முடிவை சிபேன்ஃபைல் என்ற கோப்பில் கையால் எழுதி, பிறகு எதுவுமே நிறுவப்படாத புதிய சூழலில் அந்தக் கோப்பை மட்டும் வைத்து நிறுவிச் சோதனைகளை ஓட்டுவது. கடைசிப் படி இல்லாமல் மற்றவை முழுமை பெறுவதில்லை. எழுதுபவரின் கணினியில் எல்லாமே ஏற்கனவே இருப்பதால், அங்கே எந்தக் குறையும் தெரியாது. சிபேன் டெஸ்டர்ஸ் தன்னார்வலர்கள் வெளியாகும் தொகுப்புகளைப் பலவகைக் கணினிகளில் ஓட்டி அனுப்பும் அறிக்கைகளில், விடுபட்ட சார்புகள் அடிக்கடி தலைகாட்டுவது இதனால்தான். அப்படியும் ஒரு விளிம்பு உண்டு. டிபிடி::மைஎஸ்கியூஎல் மாட்யூலுக்கு மைஎஸ்கியூஎல் நூலகமும், எக்ஸ்எம்எல்::பார்சருக்கு எக்ஸ்பாட் நூலகமும் வேண்டும். அவை பெர்லுக்கு வெளியே சி மொழியில் இருப்பவை என்பதால், பெர்ல் மாட்யூல்களை மட்டும் எண்ணும் கருவிகளின் கணக்கில் அவை வருவதில்லை.

இதுவரை சொன்னதில், ஆராய்பவர் தம் சொந்த நிரலையோ நம்பத்தக்க ஒருவரின் நிரலையோ ஆராய்கிறார் என்ற எண்ணம் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண்ணம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நவம்பரில் விடை கிடைத்தது. நீட்ரீஸ்டார்ட் என்பது பெர்லில் எழுதப்பட்ட பராமரிப்புக் கருவி; உபுண்டு சர்வரில் 21.04 பதிப்பு முதல் இயல்பாகவே நிறுவப்பட்டு வருவது. மென்பொருள் புதுப்பிப்பு முடிந்ததும், பழைய நூலகங்களை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் எவை, எவற்றை மறுபடி தொடங்க வேண்டும் என்று அது பார்க்கும். ஓடிக்கொண்டிருப்பது ஒரு பெர்ல் நிரலாக இருந்தால், அதன் மாட்யூல்களில் ஏதேனும் புதுப்பிக்கப்பட்டதா என்று அறிய, அந்த நிரலை மாட்யூல்::ஸ்கேன்டெப்ஸிடம் கொடுத்துப் பட்டியல் வாங்கும். இவை அனைத்தும் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாட்டோடு, நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலோ அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எந்தச் சாதாரணப் பயனருடையதாகவும் இருக்கலாம்.

குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டது எளிமையானது. ஸ்கேன்டெப்ஸ், கோப்பைத் திறக்கப் பெர்லின் பழைய இரண்டு-உள்ளீட்டு ‘ஓப்பன்’ வடிவத்தைப் பயன்படுத்தி வந்தது. அந்த வடிவத்தில், கோப்பின் பெயர் ‘|’ என்ற குழாய்க்குறியில் முடிந்தால், பெர்ல் அதைக் கோப்பாகக் கருதாமல் ஷெல் கட்டளையாகக் கருதி ஓட்டிவிடும். எனவே, ஒரு பயனர் தன் பெர்ல் நிரலுக்கு அப்படி ஒரு பெயர் வைத்து ஓடவிட்டுக் காத்திருந்தால் போதும். அடுத்த புதுப்பிப்பின்போது அந்தப் பெயரே ரூட் அதிகாரத்தோடு ஓடும் கட்டளையாகிவிடும். இது தவிர, ஆராயப்படும் நிரலில் கண்ட சில சரங்களை ஸ்கேன்டெப்ஸ் ‘ஈவால்’ மூலம் மதிப்பிடவும் செய்தது; அதாவது, ஓட்டாமல் படிப்பதாகச் சொன்ன கருவி சில இடங்களில் படித்ததை ஓட்டியும் வந்தது. பாதுகாப்புக் குறைகளுக்கான சிவிஇ பட்டியலில், ஸ்கேன்டெப்ஸில் இருந்த குறை சிவிஇ-2024-10224 என்றும், நீட்ரீஸ்டார்ட் அதை வடிகட்டாமல் அழைத்த குறை சிவிஇ-2024-11003 என்றும் பதிவாயின. நீட்ரீஸ்டார்ட்டில் இந்த வசதி 2014-இல் வந்த 0.8 பதிப்பிலிருந்தே இருந்தது.

கம்பைல் மட்டும் செய்து பார்க்கும் வழிக்கும் இதே ஆபத்து உண்டு. பிழை பார்ப்பதற்கென்று எல்லோரும் கவலையின்றிப் பயன்படுத்தும் ‘-சி’ விருப்பமும் ‘பிகின்’ கட்டங்களை ஓட்டியே தீரும், ஏனெனில் அவற்றை ஓட்டாமல் அடுத்த வரியின் பொருள் பெர்லுக்கே தெரியாது. அறிமுகமற்றவர் தந்த நிரலின் சார்புகளை அறிய வேண்டும் என்றால், உரையை ஆவணமாக மட்டும் பார்க்கும் பிபிஐ வகைக் கருவியே ஏற்றது. அதன் பட்டியலில் குறை இருக்கும் என்று தெரிந்தே அதைக் கொள்ள வேண்டும். மற்ற வழிகளுக்கு, வெளியுலகத் தொடர்பற்ற கன்டெய்னர் ஒன்று முதலில் தயாராக வேண்டும்.

ஸ்கேன்டெப்ஸின் 1.36 பதிப்பு சரங்களை மதிப்பிட்ட ‘ஈவால்’ கூற்றுகளை அகற்றி, ‘ஓப்பன்’ அழைப்புகளை மூன்று-உள்ளீட்டு வடிவத்துக்கு மாற்றியது. பெயரில் குழாய்க்குறி இருந்தாலும் அதைப் பெயராகவே கொள்ளும் அந்த வடிவம் பெர்லில் சேர்ந்தது 5.6 பதிப்பில், 2000-ஆம் ஆண்டில். ஸ்கேன்டெப்ஸின் முதல் வரி எழுதப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு.